சுருளும் ஸ்கார்ஃபும் 48 ஊசி மெஷினும்

இரண்டு மாதமாக நிட் (நூலை முன்பக்கமாக இழுத்துப் பின்னுவது), பர்ல் (பின்பக்கமாக இழுத்துப் பின்னுவது) இரண்டும் பழகியிருக்கிறீர்கள். ஊசியில் 34 கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றி ஒரு ஸ்கார்ஃப் பின்னி முடித்தீர்கள், ஆனால் அது கழுத்தில் நிற்காமல் குழாய் மாதிரி சுருண்டுகொள்கிறது. அதைக் காப்பாற்ற முடியுமா, அடுத்து என்ன பின்னல்களைப் பழகலாம், சின்னச் சின்னதாக என்ன செய்யலாம், கைப்பிடியைச் சுற்றினால் தானாகப் பின்னும் 48 ஊசி மெஷினை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷினுக்கு என் பதில்: வாங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். ஒரு மூன்று மாதம் போகட்டும். ஸ்கார்ஃபைக் காப்பாற்றலாம், அதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் சொல்லப்போவது புரிந்தால்தான் அந்த வேலை செய்ய வரும்.

முதலில் அலமாரியிலிருந்து ஒரு பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் நன்றாகத் தெரிபவர்களுக்கே கொஞ்சம் சிரமம், பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. வெளிப்பக்கத்தில் குட்டிக் குட்டி அம்பு முனைகள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தூண் தூணாக நிற்கும். உள்பக்கத்தில் படுக்கைவாட்டில் அலை அலையாக மேடுகள் தெரியும். உங்கள் ஸ்கார்ஃபின் முன்பக்கமும் பின்பக்கமும் அச்சு அசலாக இதுதான். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வரும் ஸ்டாக்கினெட்டைத் திருப்பூர்க்காரர்கள் சிங்கிள் ஜெர்சி என்கிறார்கள். வட்ட மெஷினில் மெல்லிய பருத்தி நூலில் ஓடுகிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். இப்போது பனியனின் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். அங்கே துணி வேறு மாதிரி இருக்கும்: ஒரு தூண் முன்னால், அடுத்த தூண் பின்னால். அது ரிப். பழைய பனியனைக் கரித்துணிக்காக வெட்டும்போது உடம்புப் பகுதி உடனே சுருளும், கழுத்துப் பட்டை சுருளாது. உங்கள் ஸ்கார்ஃபின் நோய் என்ன என்பதற்குப் பதில் அந்தப் பனியனிலேயே இருக்கிறது.

ஏன் சுருளுகிறது? ஒவ்வொரு கண்ணியும் நூலை வளைத்துச் செய்தது, அந்த நூல் எப்போதும் நிமிரத்தான் பார்க்கும். ஸ்டாக்கினெட்டில் எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கமாக இழுக்கப்பட்டிருப்பதால் எல்லாம் ஒரே பக்கமாகத் திமிறுகின்றன. மேல் ஓரமும் கீழ் ஓரமும் முன்பக்கமாகவும், இரண்டு பக்கவாட்டு ஓரங்களும் பின்பக்கமாகவும் சுருளும். நீங்கள் பின்னியதில் தவறு ஒன்றும் இல்லை. தண்ணீர் தெளித்துக் காயவைத்தாலும் அக்ரிலிக் நூலில் இது அடங்காது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள். சூட்டில் அக்ரிலிக் உயிரிழந்து தொளதொளவென்று ஆகிவிடும், பழைய நிலைக்குத் திரும்பவே திரும்பாது.

முன்னால் இழுப்பவையும் பின்னால் இழுப்பவையும் சமமாகக் கலந்துவிட்டால் துணி தட்டையாகக் கிடக்கும். கையால் பின்னும் அடிப்படைப் பின்னல்கள் அத்தனையும் இந்தக் கலவையில் வரும் மாற்றங்கள்தான். வரிசைக்கு வரிசை மாற்றினால் கார்ட்டர். தூணுக்குத் தூண் மாற்றினால் ரிப். கண்ணிக்குக் கண்ணி, வரிசைக்கு வரிசை இரண்டும் மாற்றினால் அரிசி மணி தூவியது போன்ற சீட் பின்னல். கார்ட்டருக்கு எல்லா வரிசையும் நிட் மட்டும்தானே, எங்கே மாறுகிறது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பிப் பிடிக்கிறீர்கள் அல்லவா, அந்தத் திருப்பல்தான் மாற்றம்.

முதலில் கார்ட்டரில் ஒரு முகம் துடைக்கும் துண்டு பின்னுங்கள். கோவை வெயிலுக்குக் கம்பளி எதற்கு, பருத்தி நூலே எடுங்கள். 4 மி.மீ. ஊசியில் 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிசையிலும் 2 நிட், நூலை ஊசியின் மேல் ஒரு சுற்று, மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும். 50 கண்ணி வந்ததும் குறைக்கத் தொடங்குங்கள்: 1 நிட், இரண்டைச் சேர்த்து ஒரு நிட், நூல் ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து ஒரு நிட், மீதி நிட். 4 கண்ணி மிஞ்சும்போது முடித்துவிடுங்கள். ஏறக்குறைய 18 செ.மீ. சதுரம் கிடைக்கும், நான்கு ஓரத்திலும் ஓட்டை வரிசை அழகாக ஓடும். இந்த ஒரு துண்டில் கூட்டுவது, குறைப்பது, லேஸ் மாதிரி ஓட்டை விடுவது மூன்றும் கைக்கு வந்துவிடும். லேஸ் பின்னல் என்று பயமுறுத்துகிறார்களே, அதில் பெரும்பகுதி இந்த ஒரு சுற்றும் இந்தச் சேர்த்துப் பின்னுவதும்தான்.

கார்ட்டருக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு. இரண்டு வரிசைக்கு ஒரு மேடு வரும் இல்லையா, கண்ணிகளின் எண்ணிக்கையும் மேடுகளின் எண்ணிக்கையும் ஒன்றானால் துணி கிட்டத்தட்டச் சதுரமாகிவிடும். 30 கண்ணிக்கு 30 மேடு, அதாவது 60 வரிசை. ஸ்கேல் வைத்து அளக்கவே வேண்டாம். இரண்டு சதுரத்தைச் சேர்த்துத் தைத்தால் அடுப்படிக்குக் கனமான கரித்துணி ரெடி. ஆனால் அது கட்டாயம் பருத்தியாக இருக்கட்டும். அக்ரிலிக்கில் பின்னியதை வைத்துச் சூடான கடாயைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

சீட் பின்னலுக்கு ஒற்றைப்படை எண்ணில் கண்ணி ஏற்றுங்கள், வேறு எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. 19 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையிலும் நிட், பர்ல், நிட், பர்ல் என்று போய் நிட்டில் முடியுங்கள். 34 செ.மீ. நீளம் வந்ததும் இரண்டாக மடித்துப் பக்கங்களைத் தைத்தால் மூக்குக்கண்ணாடி உறை. ரிப்புக்கு விரல் மூடாத கையுறை நன்றாக இருக்கும், அதிகாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். 38 கண்ணி ஏற்றி 2 நிட், 2 பர்ல் என்று 16 செ.மீ. பின்னி, நீளவாக்கில் தைக்கும்போது கட்டைவிரலுக்கு 4 செ.மீ. இடைவெளி விட்டுவிட்டால் போதும். அதற்கு மேல் ஆசை வந்தால் கேபிள். நான்கு கண்ணியில் இரண்டை ஒரு சின்ன ஊசியில் முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த இரண்டை முதலில் பின்னுவது, ஆறு வரிசைக்கு ஒரு முறை. சடை பின்னத் தெரிந்தவர்களுக்கு அது புரிய ஐந்து நிமிடம் போதும்.

ஊசி நம்பரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஊசிகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் அதிகம். அதில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 12 என்றால் 2.75 மி.மீ. அமெரிக்க நம்பர் நேர் எதிர், கூடக்கூடத் தடிக்கும். அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ. நான் தொடங்கிய காலத்தில் ஒரு அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து, கையிலிருந்த 8-ஆம் நம்பரில் என் அக்கா பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னினேன். ஒரு வயதுக் குழந்தைக்குப் பின்னியது ஆறு மாதக் குழந்தைக்குக்கூடச் சேரவில்லை. குறிப்பில் மி.மீ. இருந்தால் அதை மட்டும் பாருங்கள், நம்பரை விட்டுவிடுங்கள்.

நூலைப் பற்றியும் ஒன்று. கோவையிலிருந்து திருப்பூர் பக்கம்தான், கூம்பில் சுற்றி வரும் ஆலை நூல், அதாவது கோன் நூல், மலிவாகக் கிடைக்குமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 20 கவுண்ட் நூல் என்றால் 840 கெஜச் சிட்டம் 20 சேர்ந்தால் ஒரு பவுண்டு. கணக்குப் போட்டால் ஒரு கிராமில் 34 மீட்டர் வருகிறது. 4 மி.மீ. ஊசிக்கு வேண்டிய பருத்தி நூல் கிராமுக்கு 2 மீட்டர் சுற்றளவில்தான் இருக்க வேண்டும். ஆக, 16 அல்லது 17 இழையைச் சேர்த்துப் பிடித்தால்தான் கைக்கு ஆகும். அத்தனை இழையில் ஊசி முனை இரண்டு இழையை விட்டுவிட்டு மீதியைக் குத்தும், துணி முழுக்கப் பிசிறு தொங்கும். கை வேலைக்கு முறுக்கிய தடித்த பருத்தி நூலே வாங்குங்கள்.

சரி, இப்போது மெஷினுக்கு வருவோம். 1589-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் கால்வர்ட்டன் என்ற ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ, காலுறை பின்னும் சட்டகம் ஒன்றைச் செய்தார். ஒரு வரிசை முழுவதையும் ஒரே வீச்சில் பின்னும் முதல் இயந்திரம் அது. முதலாம் எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தரவில்லை, லீ பிரான்சுக்குப் போய் அங்கே முயன்றார். நான் இந்தக் கதையைச் சொல்வது வேறு ஒரு காரணத்துக்காக. அந்தச் சட்டகத்தால் ஸ்டாக்கினெட் மட்டும்தான் பின்ன முடிந்தது. அதில் ரிப் பின்ன ஒரு வழி வர 1758-59 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெடிடையா ஸ்ட்ரட் என்பவர் டெர்பியில் ஒரு துணைக்கருவியை அதனோடு இணைத்தார், டெர்பி ரிப் என்றே அதற்குப் பெயர். நீங்கள் இரண்டாவது வாரத்தில் பழகிய நிட்-பர்ல் மாற்றத்துக்கு இயந்திரத்துக்கு ஏறக்குறைய 170 வருடம் பிடித்திருக்கிறது!

காரணம் எளிமையானது. கையில் பின்னும்போது வரிசை முடிந்ததும் துணியைத் திருப்புகிறோம், நூலை நினைத்த நேரத்தில் முன்னாலும் பின்னாலும் கொண்டுபோகிறோம். மெஷினில் ஊசிகள் ஒரு பக்கத்திலேயே நிற்கின்றன. இப்போதைய வீட்டு மெஷின்களில் இருப்பது தாழ்ப்பாள் ஊசி. நுனியில் கொக்கி, கொக்கியை மூடித் திறக்கும் ஒரு சிறு நாக்கு. ஊசி முன்னால் வரும்போது பழைய கண்ணி நாக்கைத் தாண்டிப் பின்னால் போகும். கொக்கியில் புது நூல் விழும். ஊசி பின்னால் போகும்போது அதே பழைய கண்ணி நாக்கைத் தள்ளி மூடிவிட்டு அதன் மேலாக வழுக்கி விழ, புது நூல் அதற்குள்ளிருந்து கண்ணியாக வெளியே வரும். பழைய கண்ணியே கதவைச் சாத்திவிட்டுப் போகிறது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊசியும் ஒரே திசையில்தான் இழுக்கும், அதனால் வருவது ஸ்டாக்கினெட்.

இதனால் கைக்கும் மெஷினுக்கும் சுலபம், கஷ்டம் தலைகீழாக இருக்கிறது. கையில் முதல் நாள் கற்கும் கார்ட்டர், மெஷினில் பெரிய வேலை. ஒவ்வொரு வரிசைக்கும் துணியைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும், இல்லையென்றால் அதற்கென்றே தனிக் கருவி வேண்டும். ரிப்புக்கு எதிரில் இன்னொரு ஊசித் தட்டு, அதாவது ஊசிகள் வரிசையாக நிற்கும் தட்டு, வேண்டும். சீட் பின்னலை நினைக்கவே வேண்டாம். ஆனால் வெறும் ஸ்டாக்கினெட்டை நூற்றுக்கணக்கான வரிசை சலிக்காமல் ஒரே இறுக்கத்தில் ஓட்டுவது மெஷினுக்கு ஒன்றுமே இல்லை. நான் கையில் நிமிடத்துக்கு 30 கண்ணி பின்னுவேன். வீட்டில் இருக்கும் மெஷினில் 200 ஊசி, ஊசிகளின் மேல் ஓடி அவற்றை இயக்கும் வண்டியை ஒரு முறை தள்ளினால் 200 கண்ணி.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 48 ஊசி மெஷின் இன்னும் எளியது. குழாயாக ஸ்டாக்கினெட் பின்னும், முன்னும் பின்னும் சுற்றினால் தட்டைத் துண்டாகவும் பின்னும். அவ்வளவுதான். அதில் ஊசிகளின் எண்ணிக்கையை மாற்ற முடியாது, கண்ணியின் அளவையும் பெரிதாக மாற்ற முடியாது. நடுத்தரத் தடிமன் நூலில் பெரியவர்களுக்கு ஒரு குல்லா கையில் பின்னினால் 80 முதல் 96 கண்ணி வரை ஏற்றுவோம். அதே தலைக்கு இந்த மெஷின் 48 கண்ணியில் பின்னுகிறது என்றால் ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று பாருங்கள். துணி சல்லடை போலத்தான் வரும். அதனால்தான் அதில் குல்லாவை இரட்டையாகச் செய்கிறார்கள். சுமார் 100 சுற்று பின்னி, இரண்டு வாயையும் நூல் கோத்துச் சுருக்கி, ஒரு பாதியை மற்றதற்குள் தள்ளிவிட்டால் இரண்டு அடுக்குக் குல்லா, விளிம்பை மடித்துவிட்டால் சுருளும் பிரச்சினையும் தீர்ந்தது. முதல் ஐந்தாறு சுற்றையும் கடைசி ஐந்தாறு சுற்றையும் வேறு நிற வேண்டாத நூலில் ஓட்டுங்கள். கண்ணிகளை நிதானமாக நூலில் கோத்த பிறகு அதைப் பிரித்துவிடலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதற்குப் பிடித்தது வழவழப்பான, கொஞ்சம் நெகிழும் அக்ரிலிக் நூல். நெகிழாத பருத்தியும், ரோமம் நிறைந்த நூலும் சிக்கும், ஒரு ஊசி நூலைப் பிடிக்காமல் விட்டுவிடும், நீங்கள் கவனிப்பதற்குள் கண்ணி நழுவி, தூண் பிரிந்து வெறும் நூல் படிகளாக ஏணி விழுந்திருக்கும். மூன்று மாதம் பொறுங்கள் என்று நான் சொன்னது இதற்காகத்தான். கையில் பின்னிப் பழகியவர்களுக்கு ஏணியைப் பார்த்ததும் எந்தக் கண்ணி எங்கே நழுவியது என்று தெரியும், கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் படிப்படியாக ஏற்றிவிடுவார்கள். நேராக மெஷினில் தொடங்கியவர்கள் மொத்தத்தையும் பிரித்துவிட்டு மறுபடி சுற்றுகிறார்கள், நான்கைந்து முறை இப்படி ஆனதும் மெஷின் பரணுக்குப் போய்விடுகிறது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் வீட்டுப் பரணில் நானே பார்த்தேன்.

பின்னல் பிடித்துப்போய்ப் பெரிய மெஷின் வாங்கும் எண்ணம் வந்தால், பழைய ஜப்பானிய மெஷின்கள் கைமாறி வரும். பிரதர், சில்வர் ரீட் என்ற பெயர்களில் பார்க்கலாம். வழக்கமான அளவு ஊசிக்கு ஊசி 4.5 மி.மீ., 200 ஊசி, ஆக 90 செ.மீ. நீளத் தட்டு. நான் சொன்ன 20 கவுண்ட் கோன் நூல் இங்கே உதவும், எட்டு இழை சேர்த்தால் சரியாக ஓடும், தாழ்ப்பாள் ஊசி கையைப் போல இழையைப் பிளக்காது. பிரதர் மெஷின் என்றால் ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஸ்பாஞ்ச் பட்டையை முதலில் உருவிப் பாருங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததில் அது நசுங்கி மாவாகியிருக்கும். அதை மாற்றாமல் ஓட்டினால் கண்ணி விழும், வண்டி முட்டும், மெஷினே பழுது என்று நினைத்துவிடுவோம்.

கையும் மெஷினும் சேர்ந்து செய்யும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. குழந்தைக் குல்லாவுக்கு நெற்றிப் பட்டையைக் கையில் ரிப்பாகப் பின்னி, அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாக மெஷின் ஊசியில் மாட்டி, மேல்பகுதியை மெஷினில் ஓட்டிவிடுவேன். அதில் ரிப்பும் தாராளமாகக் கிடைக்கும், நேரமும் மிச்சம்.

இனி உங்கள் ஸ்கார்ஃப். இரண்டாவது ஊசித் தட்டு இல்லாத மெஷின்காரர்கள் ரிப் வேண்டும்போது ஒரு வேலை செய்வார்கள். ஸ்டாக்கினெட்டாகவே பின்னிவிட்டு, வேண்டிய தூண்களை மட்டும் வேண்டுமென்றே நழுவவிட்டு, கொக்கியால் மறுபக்கமிருந்து ஏற்றுவார்கள். உங்களுக்கும் அதுதான் வழி. கண்ணி முடித்த முனையைத் தேடி, அந்தக் கடைசி வரிசையைப் பிரித்து 34 கண்ணியையும் ஊசியில் எடுங்கள். தொடங்கிய முனையிலிருந்து பிரிக்கப் பார்க்காதீர்கள், அது இப்படி ஓடாது. தூண்களை இடமிருந்து எண்ணுங்கள். முதல் இரண்டை விட்டுவிட்டு 3, 4, மறுபடி இரண்டை விட்டு 7, 8 என்று 31, 32 வரைக்கும் மொத்தம் 16 தூண். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். மூன்றாவது கண்ணியை ஊசியிலிருந்து இறக்கி, தொடங்கிய ஓரத்துக்கு இரண்டு வரிசை மேலே ஒரு ஊக்கைக் குத்திவிட்டு, அதுவரை ஏணியாக ஓடவிடுங்கள். துணியைப் பின்பக்கம் திருப்புங்கள். 3.5 அல்லது 4 மி.மீ. குரோஷா ஊசியைக் கீழே நிற்கும் கண்ணியில் விட்டு, அதற்கு மேலிருக்கும் ஏணிப் படியைப் பிடித்து உள்ளே இழுங்கள், அடுத்த படி, அடுத்த படி என்று உச்சி வரை. பின்பக்கத்தில் அம்பு முனைகள் எழுந்தால் முன்பக்கத்தில் அது பர்ல் தூண். ஒரு படிகூட விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விட்டால் உங்களுக்கே பளிச்சென்று தெரியும்.

இரண்டு மூன்று மாலை ஆகும். முடித்த பிறகு ஸ்கார்ஃப் முன்னைவிட ஒடுங்கியிருக்கும், ஆனால் தடிப்பாக, இழுத்தால் விரிந்து, தட்டையாகக் கிடக்கும். கடைசி வரிசையை முடிக்கும்போது நிட் தூணில் நிட்டாகவும் பர்ல் தூணில் பர்லாகவும் பின்னியபடியே முடியுங்கள். எல்லாவற்றையும் நிட்டாக முடித்தால் அந்த ஓரம் மட்டும் மணியின் வாய் மாதிரி விரிந்துகொள்ளும்.